வெற்று வரி

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது நம் உலாவி அந்தத் தளத்தின் சர்வருக்குச் சில வரிகளை எழுதி அனுப்புகிறது. என்ன வேண்டும் என்பது முதல் வரியில் இருக்கும். எந்தத் தளம், எந்த உலாவி, எந்த மொழியில் பதில் வந்தால் நல்லது போன்ற விவரங்கள் அடுத்தடுத்த வரிகளில் வரும். கடைசி வரியில் ஒன்றும் இருக்காது. அந்த வெற்று வரி வந்து சேரும்வரை சர்வர் பதில் சொல்லத் தொடங்கக் கூடாது. விவரங்களைச் சொல்லி முடித்தாயிற்று என்பதற்கு உலாவி தரும் அடையாளம் அது ஒன்றுதான்.

இந்த வரிகளை வாங்கி, படித்து, பதில் எழுதி அனுப்பும் நிரலை ரிக்வெஸ்ட் ஹேண்ட்லர் என்கிறார்கள். எந்தக் கணினி மொழியிலும் அதன் அடிப்படை வடிவத்தை நாற்பது ஐம்பது வரிகளில் எழுதிவிடலாம். எழுதியதும் வேலை செய்யும். நாமே எழுதிய சர்வரிலிருந்து ஒரு பக்கம் வந்து நம் உலாவியில் நிற்பதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி. நிரல் எழுதக் கற்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது ஆயத்த நூலகங்களின் துணையில்லாமல் இதை எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அப்படி எழுதும்போது ஒரே கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் எதிரே வந்து நிற்கும்: ‘இது எங்கே முடிகிறது?’ எளிய கேள்விதான். ஆனால் இணையத்தின் பெரிய விபத்துகள் சில, இதற்குச் சரியான விடை எழுதப்படாத இடங்களில் நடந்தவை.

தொடக்கத்தில் விடையும் எளிதாகவே இருந்தது. ஜெனீவாவை ஒட்டியுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ஆம் ஆண்டின் இறுதியில் உலகின் முதல் வலை சர்வரை ஒரு நெக்ஸ்ட் கணினியில் ஓடவிட்டார். ‘இது சர்வர், அணைத்துவிடாதீர்கள்’ என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டியிருந்தது. 1991-இல் அவர் எழுதிவைத்த முதல் நெறிமுறைக்குப் பிற்காலத்தில் 0.9 என்று எண் கொடுத்தார்கள். அதில் கோரிக்கை என்பது ஒரே வரி. ‘கெட்’ என்ற சொல், ஓர் இடைவெளி, வேண்டிய ஆவணத்தின் பாதை, அவ்வளவுதான். சர்வர் ஆவணத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். வரி முடிந்தால் கோரிக்கை முடிந்தது, இணைப்பு அறுந்தால் பதில் முடிந்தது. பிழைகளுக்கு எண்கள்கூடக் கிடையாது. ஆவணம் இல்லையென்றால் அதைச் சொல்லும் ஒரு பக்கம் வரும், மனிதர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சர்வர் எழுதும் முறை அதற்கும் முன்பே ஆயத்தமாக இருந்தது. 1983-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு வெளிவந்தது. வலைப்பின்னலில் பேசுவதற்கு அது தந்த கட்டளைகளையே இன்றைக்கும் பயன்படுத்துகிறோம். ‘சாக்கெட்’ ஒரு முனையைத் திறக்கும். ‘பைண்ட்’ அதற்கு ஒரு போர்ட் எண்ணைக் கட்டிவைக்கும், வலைக்கு அது 80. ‘லிஸன்’ வருபவர்கள் காத்திருக்க ஒரு வரிசையை ஏற்படுத்தும். ‘அக்செப்ட்’ அந்த வரிசையின் முதல் ஆளை உள்ளே அழைக்கும். பைத்தானில் எழுதினாலும் ஜாவாவில் எழுதினாலும் அடியில் நடப்பது இதுவே.

அக்செப்ட் செய்யும் வேலை அழகானது. யூனிக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 0, 1, 2 ஆகியவை உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழைச் செய்திக்கும் ஏற்கெனவே போய்விட்டவை. ஆகவே வாசலில் காத்திருக்கும் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். முதல் வாடிக்கையாளர் வந்தவுடன் அக்செப்ட் 4 என்ற புதிய எண்ணைத் தரும். பேச்சு முழுவதும் 4-இல் நடக்க, 3 அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். பேசி முடித்ததும் 4-ஐ மூட வேண்டும். மறந்தால் எண்கள் சேர்ந்துகொண்டே போகும். பல லினக்ஸ் கணினிகளில் ஒரு நிரலுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் உச்சவரம்பு 1024. அதைத் தொட்ட பிறகு அக்செப்ட் மறுத்துவிடும், காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வர் மாலையில் யாரையும் உள்ளே விடாது.

இனி 4-ஆம் எண்ணிலிருந்து வாசிக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் ‘ரீட்’ கட்டளையை ஒரு முறை அழைத்து, வந்ததெல்லாம் ஒரு முழுக் கோரிக்கை என்று எடுத்துக்கொள்வார்கள். சொந்தக் கணினியில் சோதித்தால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை வெளியே தெரிவது, தொலைவில் உள்ள யாரோ ஒருவர் மொபைல் இணைப்பில் வரும்போதுதான்.

காரணம் டிசிபி என்ற அடித்தள நெறிமுறையின் இயல்பு. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. அனுப்பிய பைட்டுகள் அனுப்பிய வரிசையிலேயே, ஒன்றும் விடுபடாமல் போய்ச் சேரும் என்று டிசிபி உறுதி தருகிறது. எத்தனை தவணையாக வரும் என்று அது சொல்வதில்லை. குழாயின் ஒரு முனையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் மறுமுனையில் தண்ணீர் மட்டும் வரும், எந்தக் குடம் எங்கே முடிந்தது என்ற தடம் வராது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் சுமக்கக்கூடியது 1500 பைட்டு. முகவரி முதலான விவரங்களுக்குக் குறைந்தது 40 பைட்டு போனால் மிஞ்சுவது 1460. குக்கிகளோடு வரும் இன்றைய கோரிக்கை இதை எளிதாகத் தாண்டிவிடும். அப்போது பாதி இப்போது வரும், மீதி ஒரு நொடி கழித்து வரும். ஒரு சொல்லின் நடுவில்கூட வெட்டு விழலாம்.

ஆகவே ஹேண்ட்லருக்குப் பொறுமை வேண்டும். வந்ததைச் சேர்த்துவைக்க வேண்டும், வெற்று வரி வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், வராவிட்டால் மீண்டும் வாசிக்க வேண்டும். வெற்று வரியைக் கணினி நான்கு பைட்டுகளாகப் பார்க்கிறது: 13, 10, 13, 10. தொலைத்தட்டச்சு இயந்திரங்களில் 13 என்பது அச்சு முனையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோகும் கட்டளை, 10 என்பது தாளை ஒரு வரி உருட்டும் கட்டளை. அந்த இயந்திரங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அவற்றின் ஜோடி எண்களோ ஒவ்வொரு கோரிக்கையின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இன்னும் பயணம் செய்கின்றன. முதலில் வரும் 13, 10 ஒரு முழு வரியின் முடிவு. அதைத் தொட்டபடியே இன்னொரு 13, 10 வந்தால் இடையில் எழுத்தே இல்லாத வரி. இந்த நான்கில் இரண்டு ஒரு தவணையிலும் இரண்டு அடுத்த தவணையிலும் வரலாம் என்பதை மறக்கக் கூடாது. புதிதாக வந்த துண்டுக்குள் மட்டும் தேடும் நிரல், வந்துவிட்ட வெற்று வரியைத் தவறவிட்டு, வராத ஒன்றுக்காகக் காத்துக்கிடக்கும்.

சேர்த்துவைக்கலாம் என்றால் எவ்வளவு தூரம்? இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது வலை பிறப்பதற்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. வலைக்கு 80 என்றால், அதற்கு முந்தைய எண்ணான 79 ‘ஃபிங்கர்’ என்ற பழைய சேவைக்கு உரியது. ஒருவருடைய பெயரை ஒரு வரியில் அனுப்பினால் அவரைப் பற்றிய குறிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடும். வலையின் முதல் நெறிமுறையும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். பெர்க்லி யூனிக்ஸில் இருந்த ஃபிங்கர் சர்வர் அந்த ஒரு வரிக்கு 512 பைட்டு இடம் ஒதுக்கியிருந்தது. வாசிக்க அது பயன்படுத்திய ‘கெட்ஸ்’ என்ற சி மொழிக் கட்டளைக்கு இடத்தின் அளவைச் சொல்ல வழியே இல்லை. வரி முடியும்வரை அது எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவரான ராபர்ட் டாப்பன் மோரிஸ் வெளியிட்ட புழு நிரல், வேக்ஸ் கணினிகளுக்கு 536 பைட்டு நீள வரி ஒன்றை அனுப்பியது. கூடுதலாக வந்தவை நினைவகத்தில் அடுத்து இருந்ததன்மேல் எழுதப்பட்டன. வேலை முடிந்ததும் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற குறிப்பு அங்கேதான் இருந்தது. கணினி திரும்பிப் போனபோது புழு எழுதிவைத்த கட்டளைகளுக்குள் போய் விழுந்தது. புழு பரவ வேறு வழிகளும் வைத்திருந்தது. ஆனால் அளவு கேட்காத அந்த ஒரு வரிதான் நிரலாளர்கள் மனதில் நிலைத்தது. 2011-இல் வந்த சி மொழித் தரத்தில் கெட்ஸ் அடியோடு நீக்கப்பட்டது.

இன்றைய சர்வர்கள் வரம்பு வைத்திருக்கின்றன. அப்பாச்சி சர்வரில் கோரிக்கையின் முதல் வரிக்கு வழக்கமான உச்சவரம்பு 8190 பைட்டு, விவர வரிகள் 100-க்கு மேல் போகக் கூடாது. வரம்பை மீறினால், சர்வரைப் பொறுத்து, 414, 431 போன்ற பிழை எண்களோடு மறுப்பு வரும்.

நீளத்துக்கு வரம்பு வைத்தவர்கள் நேரத்துக்கு வைக்க மறந்தார்கள். 2009-இல் ராபர்ட் ஹேன்சன் ‘ஸ்லோலோரிஸ்’ என்ற நிரலை வெளியிட்டார். நம் தேவாங்குக்கு உறவான, மெல்ல நகரும் ஒரு விலங்கின் பெயர் அது. அந்த நிரல் சர்வருக்கு நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறக்கும். ஒவ்வொன்றிலும் முறையான கோரிக்கையைத் தொடங்கும். பிறகு அவ்வப்போது ஒரு விவர வரியை மட்டும் அனுப்பும். வெற்று வரியை அனுப்பவே அனுப்பாது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பணியாளரை ஒதுக்கும் அமைப்பில் எழுதப்பட்ட சர்வரில், எல்லாப் பணியாளர்களும் முடிவுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்கள். வேறு யாருக்கும் பதில் போகாது. இதைச் செய்ய ஒரு சாதாரணக் கணினியும் மெதுவான இணைப்பும் போதும். ஆகவே ஹேண்ட்லரில் கடிகாரமும் வேண்டும்: இத்தனை நொடிக்குள் வெற்று வரி வரவில்லையென்றால் 408 என்ற பிழை எண்ணைச் சொல்லிவிட்டோ சொல்லாமலோ இணைப்பை மூடிவிடலாம்.

வெற்று வரி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது முதல் வரியை இடைவெளி உள்ள இடங்களில் பிரித்தால் மூன்று துண்டுகள் கிடைக்கும்: செயல், பாதை, நெறிமுறையின் பதிப்பு. செயலில் அடிக்கடி வருபவை ‘கெட்’, ‘போஸ்ட்’ இரண்டும். கெட் என்பது ஒரு வாக்குறுதி. தகவலைக் கேட்டுப் பெறுவேன், எதையும் மாற்ற மாட்டேன் என்று பொருள். ஹேண்ட்லர் எழுதுபவர் இந்த வாக்கை மீறினால் துன்பம் வேறு யாருக்கோ வரும். 2005-இல் கூகுள் ‘வெப் ஆக்ஸலரேட்டர்’ என்ற கருவியை வெளியிட்டது. வேகத்துக்காக அது ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளை, பயனர் சொடுக்குவதற்கு முன்பே கெட் மூலம் எடுத்துவைக்கும். அழிப்பதற்கான பொத்தானையும் வெறும் கெட் இணைப்பாகவே எழுதியிருந்த தளங்களில் மக்கள் சேமித்துவைத்தவை அவர்கள் கை படாமலேயே அழிந்துபோயின. முடிவைப் பற்றிய நம் கேள்வியிலிருந்து இது சற்று விலகியதுதான். ஆனாலும் ஹேண்ட்லர் எழுதக் கற்பவருக்கு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

பாதைக்கு வருவோம். அங்கே எல்லா எழுத்துகளையும் நேராக எழுத முடியாது. மற்றவற்றைச் சதவீதக் குறியும் பைட்டின் எண்ணுமாக மாற்றி அனுப்ப வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரி ஒன்றை நகலெடுத்து ஒட்டினால் நீண்ட குறிகளின் வரிசையாக மாறிவிடுவது இதனால்தான். ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட்டு ஆகி, ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாகி, 45 குறிகளாக நீண்டுவிடுகிறது. ஹேண்ட்லர் அதைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு எந்தக் கோப்பு என்று தேடும். இங்கே கோப்புறை எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். பாதையில் இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால் ‘ஒரு படி மேலே போ’ என்று பொருள். அதைத் தடுக்காவிட்டால், வெளியார் படிப்படியாக மேலே ஏறித் தளத்தின் கோப்புறையைத் தாண்டி, கணினியின் வேறு கோப்புகளைக் கேட்டு வாங்கிவிடுவார்.

இது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அப்படியிருந்தும் 2021 அக்டோபரில், இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ள அப்பாச்சியின் 2.4.49 பதிப்பில் இதே ஓட்டை வெளிப்பட்டது. பாதையைச் சீர்செய்யும் பகுதியைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். இரண்டு புள்ளிகளில் ஒன்றைச் சதவீதக் குறியில் எழுதி அனுப்பினால் அது கவனிக்கவில்லை. கோப்புறைக்கு வெளியே செல்ல அனுமதி மறுக்கும் அமைப்பு இருந்த சர்வர்கள் தப்பின. உடனே வந்த 2.4.50 அந்த வழியை அடைத்தது. ஆனால் குறிக்குள்ளேயே இன்னொரு குறியை வைத்து எழுதிய வடிவம் அதையும் கடந்தது. சில நாள்களுக்குள்ளேயே 2.4.51 வர வேண்டியதாயிற்று. முதலில் குறிகளைப் பழைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும், அதையும் ஒரு முறை மட்டும், அதன் பிறகே சோதிக்க வேண்டும். மூன்றும் எளிய விதிகள்தான். எந்த வரிசையில் என்பதில் உயிர் இருக்கிறது.

போஸ்ட் கோரிக்கையில் வெற்று வரியோடு எல்லாம் முடிவதில்லை. அதன்பின் உடல் பகுதி வரும்: நாம் நிரப்பிய படிவம், ஏற்றிய படம். படத்தின் பைட்டுகளுக்குள் 13, 10, 13, 10 தற்செயலாகவே வரலாம், ஆகவே பழைய அடையாளம் இங்கே உதவாது. வேறு வழி, எத்தனை பைட்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. ‘கன்டென்ட்-லெங்த்’ என்ற விவர வரி அதைத்தான் செய்கிறது. பதிலிலும் அதே வரி வரும். தமிழில் தளம் நடத்துபவர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது.

‘வணக்கம்’ என்று ஒரே சொல்லைப் பதிலாக அனுப்பும் ஹேண்ட்லரை எழுதுகிறோம். அதன் நீளம் என்ன? பள்ளியில் கற்றபடி ஐந்து எழுத்து. பைத்தானிடமோ ஜாவாஸ்கிரிப்டிடமோ கேட்டால் 7 என்று சொல்லும், யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு என்பதால். வலைப்பின்னலில் போவதோ 21 பைட்டு, ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று வீதம். கன்டென்ட்-லெங்த் வரியில் எழுத வேண்டியது 21. நிரல் 7 என்று எழுதிவிட்டால் உலாவி ஏழு பைட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். ‘வ’ தெரியும், ‘ண’ தெரியும், ஏழாவது பைட்டு ‘க’வின் முதல் மூன்றிலொரு பங்கு என்பதால் அங்கே சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. அதனால் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரலில் இந்தப் பிழை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும். முதல் தமிழ் வாசகர் வந்தபிறகுதான் பக்கத்தின் பெரும்பகுதி காணாமல் போயிருப்பது தெரியும்.

அந்த மூன்று பைட்டுகளுக்குள்ளும் நம் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. ‘வ’ என்பது 224, 174, 181. இதில் 224-ஐ இருமத்தில் எழுதினால் 11100000. தொடக்கத்தில் மூன்று ஒன்றுகள் இருப்பதால், இந்தக் குறியீடு மூன்று பைட்டு நீளம் என்று முதல் பைட்டே சொல்லிவிடுகிறது. தொடரும் பைட்டுகள் எல்லாம் 10 என்று தொடங்கும். ஆகவே வரிசையின் நடுவில் எங்கே போய் விழுந்தாலும், ஒரு குறியீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓரிரு அடியில் கண்டுகொள்ளலாம். யுடிஎஃப்-8 என்ற இந்த முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்சன், நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில் ராப் பைக்குடன் அமர்ந்திருந்தபோது மேசைத்தாளில் வடிவமைத்தார். அந்த மேசைத்தாள் கணக்கால்தான் உலகின் எழுத்துகள் எல்லாம் ஒரே நெறிமுறையில் தடையின்றிப் போய்வருகின்றன என்பதை எண்ணும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு மேலிடுகிறது.

ஆனாலும் இந்த முறையில்தான் எழுதியிருக்கிறோம் என்பதைப் பதிலின் விவர வரியில் ஹேண்ட்லர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் உலாவி தானே ஊகிக்கும். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்ததும், மேலே கோடு போட்ட லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் நிற்கும் வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி நிரம்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலைநாட்டு எழுத்து முறை ஒன்றில் 224-க்கும் 174-க்கும் உரிய வடிவங்கள் அவை. நம் எழுத்துகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு பைட்டுகளில்தான் தொடங்குகின்றன.

பதிலின் முதல் வரியில் ஒரு மூன்று இலக்க எண் வரும். எஃப்டிபி போன்ற பழைய நெறிமுறைகளிலிருந்து வந்த பழக்கம் இது. முதல் இலக்கத்தைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும்: 2 என்றால் நல்லபடியாக நடந்தது, 3 என்றால் வேறிடத்தைப் பார், 4 என்றால் கேட்டவர் பிழை, 5 என்றால் சர்வரின் பிழை. கேட்ட பக்கம் இல்லை என்று சொல்லும் 404, செர்னில் அதே எண்ணுள்ள ஓர் அறையிலிருந்துதான் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது கதை மட்டுமே.

பழைய நெறிமுறையில் ஒவ்வொரு பதிலுக்கும் பின் இணைப்பு அறுந்தது. ஒரு பக்கத்தில் இருபது படம் இருந்தால் இருபது முறை இணைப்பு எடுக்க வேண்டும். 1997 ஜனவரியில் வெளியான 1.1 பதிப்பு, இணைப்பைத் திறந்தே வைத்திருப்பதை வழக்கமாக்கியது. வேகம் கூடியது. முடிவைப் பற்றிய கேள்வியும் அன்றிலிருந்து கூர்மையாகிவிட்டது. ஒரு கோரிக்கை எங்கே முடிகிறதோ அதற்கு அடுத்த பைட்டிலேயே இன்னொரு கோரிக்கை தொடங்குகிறது. கணக்கு ஒரு பைட்டு பிசகினால் அடுத்தது முழுவதும் பிசகும்.

அதே பதிப்பு நீளத்தைச் சொல்ல இரண்டாவது வழியையும் தந்தது. சர்வர் பக்கத்தை உருவாக்கிக்கொண்டே அனுப்பும்போது மொத்தம் எவ்வளவு என்று அதற்கே தெரியாது. ஆகவே துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டின் அளவையும் முன்னால் எழுதி அனுப்பலாம். அளவு 0 என்று ஒரு துண்டு வந்தால் முடிந்தது. நல்ல ஏற்பாடுதான். ஒரே கோரிக்கையில் இரண்டு வழிகளும் சேர்ந்து வந்து, இரண்டும் வேறு வேறு முடிவைச் சொன்னால்?

பெரிய தளங்களில் வாசலில் ஒரு சர்வர் நிற்கும். எல்லோருடைய கோரிக்கைகளையும் அது வாங்கி, ஒரே இணைப்பின் வழியாக உள்ளே இருக்கும் சர்வருக்கு அடுத்தடுத்து அனுப்பும். வாசல் சர்வர் கன்டென்ட்-லெங்த்தை நம்பி, உள் சர்வர் துண்டுக் கணக்கை நம்பினால், முன்னது ஒரே கோரிக்கை என்று அனுப்பியதைப் பின்னது நடுவிலேயே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய பைட்டுகள் அடுத்து வரும் கோரிக்கையின் தலைப்பகுதி ஆகிவிடும். அடுத்து வருபவர் முற்றிலும் வேறு ஆள். அவருடைய கோரிக்கையின் முன்பகுதி, அவர் அறியாமல், தாக்குபவர் எழுதியதாக இருக்கும். ‘ரிக்வெஸ்ட் ஸ்மக்ளிங்’ எனப்படும் இந்தத் தாக்குதலை 2005-இல் வாட்ச்ஃபயர் நிறுவன ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்ததை 2019-இல் ஜேம்ஸ் கெட்டில் பெரிய தளங்களில் செய்துகாட்டினார்.  முடிவு எங்கே என்பதில் இரண்டு சர்வர்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது, அந்த இடைவெளியில்தான் தாக்குதல் நுழைந்தது.

இவ்வளவும் ஒரே ஆளோடு பேசும் கதை. ஒரே கணினி பத்தாயிரம் பேரோடு ஒரே நேரத்தில் பேச முடியாதா என்ற கேள்வியை 1999-இல் டான் கெகல் எழுப்பினார். ஆளுக்கொரு பணியாளர் என்ற அமைப்பு அந்த எண்ணிக்கையைத் தாங்காது. இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வேறு வழியில் போனது. அங்கே ஹேண்ட்லர் யாருக்காகவும் நின்று காத்திருப்பதில்லை. வந்த பைட்டுகளைப் படித்து, எந்தக் கட்டம்வரை வந்தோம் என்று குறித்துவைத்துவிட்டு, பைட்டு வந்திருக்கும் அடுத்த இணைப்புக்குப் போய்விடும். 13 வந்தது, 10 வந்தது, இன்னும் ஒரு 13 வந்தது, 10-க்காகக் காத்திருக்கிறோம் என்ற அளவுக்கு நுணுக்கமான குறிப்பு அது. இந்த அமைப்பில் எழுதிய சர்வர்களை ஸ்லோலோரிஸ் எளிதில் முடக்க முடியவில்லை, ஏனென்றால் காத்திருப்பதற்கு அங்கே செலவு மிகக் குறைவு.

வலை நெறிமுறையின், 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பு வெற்று வரியையே விட்டுவிட்டது. அதில் எல்லாமே ‘ஃப்ரேம்’ எனப்படும் சட்டங்களாகப் போகும். ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் 9 பைட்டுத் தலைப்பு, அதன் முதல் மூன்று பைட்டில் நீளம். கோரிக்கையின் கடைசிச் சட்டத்தில் ‘இத்துடன் முடிந்தது’ என்று ஒரு பிட் ஏற்றப்பட்டிருக்கும். தேட வேண்டியதில்லை, ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் வாசல் சர்வர் இரண்டாம் பதிப்பில் பேச, உள்ளே இருப்பது பழைய 1.1-ஐ மட்டும் அறிந்திருக்கும் தளங்கள் ஏராளம். அங்கே வாசல் சர்வர் சட்டங்களைப் பிரித்துப் பழைய வரிகளாக எழுதி உள்ளே அனுப்புகிறது. வந்த கோரிக்கையில் யாராவது பொய்யான கன்டென்ட்-லெங்த் வரியைச் செருகியிருந்தால் அதையும் அப்படியே எழுதிவிடுகிறது. 2021-இல் கெட்டில் இதைக் கொண்டே பழைய தாக்குதலைப் புதிய பதிப்பிலும் நடத்திக் காட்டினார். உடல் பகுதியைச் சுமக்கும் சட்டங்களின் மொத்த நீளமும் கன்டென்ட்-லெங்த்தும் ஒத்துப்போகாத கோரிக்கை செல்லாது என்று 2015-ஆம் ஆண்டின் விதியே தெளிவாகச் சொல்லியிருந்தது. மாட்டிக்கொண்டவை அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காத சர்வர்கள்.